பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு பார்க்கிங் துண்டு

தம்பி,

தொலைபேசியில் சொன்னால் நீ “ஓம் அம்மா, ஓம் அம்மா” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஏழு வருடம் இருந்தும் நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பது எனக்குத் தெரியும். ஆகவே வீண் வீரம் காட்டாமல் இதைத் தேன்மொழியிடம் கொடு. கோயம்புத்தூரில் படித்து வளர்ந்த பிள்ளை, என் கோழிக் கிறுக்கலையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுவாள். நீங்கள் இருவரும் முகம் கொடுத்துக் கதைத்து நாலு நாளாகிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவளை வாசிக்கச் சொல்கிறேன். அவள் வாசிக்க, நீ பக்கத்தில் இருந்து கேள். முடியும்வரை இரண்டு பேரும் எழும்பக் கூடாது. கல்யாணம் முடித்து எட்டு மாதம் ஆனாலும் உனக்குக் கட்டளை போடும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது.

போன வியாழக்கிழமை நீ தொலைபேசி எடுத்துச் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்கிறேன், நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். லியோனில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தனியார் பார்க்கிங்கில் தேன்மொழி உன் காரை விட்டாள். மெஷினில் காசு கட்டிவிட்டுத்தான் காரை எடுத்தேன் என்கிறாள். கட்டவில்லை என்று கம்பெனிக்காரனிடமிருந்து கடிதம் வந்தது. பிறகு வசூல் கம்பெனி ஒன்றிடமிருந்து இரண்டாவது கடிதம், மூன்றாவது கடிதம். ஒவ்வொன்றிலும் தொகை ஏறிக்கொண்டு போகிறது, எழுத்தும் பெரிதாகிக்கொண்டு போகிறது. எட்டு நாளுக்குள் கட்டாவிட்டால் வழக்கு, வீட்டுக்கு ஆள் வரும் என்று எழுதியிருக்கிறது. இவ்வளவையும் நீ பிரெஞ்சில் கடகடவென்று சொன்னாய். கடைசியில் மட்டும் தமிழுக்கு, ரசீதைத் துண்டு என்கிற நம் வீட்டுத் தமிழுக்கு, வந்தாய். “அவள் பொய் சொல்லுறாள் அம்மா. கட்டினதெண்டால் துண்டு எங்கை?” என்றாய்.

அந்த வசனம் உன்னுடையது இல்லை, தம்பி. அது என்னுடையது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் லா சப்பலில், இதே வீட்டில், இதே கூடத்தில் நின்று நான் சொன்னது. நீ அப்போது வீட்டில் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் பெற்றவர்களிடமிருந்து எதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. நான் அதை யாரிடம் சொன்னேன் என்பதை உன்னிடம் மறைத்துவிட்டேன். இன்று சொல்கிறேன்.

குணம் மாமாவை உனக்கு நல்ல ஞாபகம் இருக்கும். வன்னியிலிருந்து வந்து, அப்பா சமைக்கும் உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்தவன். படுக்க இடமில்லை என்று அப்பா ஒரு வாரத்துக்குக் கூட்டி வந்தார். அந்த ஒரு வாரம் இரண்டு வருடமாக இழுபட்டது. நமக்கு அவன் இரத்த உறவில்லை. என்னை அக்கா என்றான், உனக்கு மாமாவானான். பிறகு ஒரு பழைய வான் வாங்கி, ஃபொபூர் சேன்-தெனி தெருக் கடைகளுக்கு மரக்கறி இறக்கத் தொடங்கினான். அவனிடம் அப்போது முழு விசா இல்லை, காப்புறுதிக்காரர்கள் அவன் பேரில் எழுத மறுத்தார்கள். நம் சனம் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். கார்த் கிரீஸ் எனப்படும் வாகனப் பதிவை என் பேரில் எடுத்துக் கொடுத்தேன். வானை விட நம் தெருவுக்குப் பின்னால் ஒரு நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் மாதச் சந்தாவும் என் பேரில்தான். எனக்கு ஓட்டத் தெரியாது, வானின் முன்கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாது, ஆனால் கடதாசிப்படி வான்காரி நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் உன்னை அதில் ஏற்றிக்கொண்டு பந்து விளையாடக் கூட்டிப் போவான். நீங்கள் திரும்பி வரும்போது வீடு முழுவதும் வெண்டிக்காய் மணமும் வியர்வையில் நனைந்த கால்மேசு மணமும்.

நம் வீட்டு வழக்கம் ஒன்றையும் தேன்மொழிக்காகச் சொல்ல வேண்டும், அவளுக்கு இது புதினமாக இருக்கும். அப்பாவின் அகதி வழக்கு முடிவுக் கடிதம் வந்தபோது அதை உடைக்க எங்களுக்குத் துணிவில்லை. பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் உடைத்தோம். ஏற்றுக்கொண்டோம் என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வரும் கடதாசி எதுவானாலும் முதலில் பிள்ளையாரிடம் போய்த்தான் எங்களிடம் வரும். மின்சாரப் பில், உன் பள்ளிக்கூடத்து மார்க், பல் வைத்தியரின் துண்டு, எல்லாம் படத்துக்கு முன்னால் கொஞ்ச நாள், பிறகு படத்துக்குப் பின்னால் பல நாள். முக்கியமானது எது, குப்பை எது என்று பார்க்கும் வேலையையும் நான் அவரிடமே விட்டுவிட்டேன். அவருக்கும் பிரெஞ்சு தெரியாது என்பதை யோசிக்கவில்லை.

குணத்துக்கு நகருக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் ஓர் அறை கிடைத்தது. வீட்டு வாசலிலேயே வானை விடலாம், பார்க்கிங் தேவையில்லை. போகும்போது பார்க்கிங்கின் கதவைத் திறக்கும் பாட்ஜைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன், இனி வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன் என்றான். எங்கள் மூன்று பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. ஒருவருக்கு ஒருவர் வாயால் சொல்வதில்தானே நம்முடைய சீட்டும் கல்யாணமும் நடக்கின்றன. இந்த நாட்டில் ஒன்றைத் தொடங்க ஒரு கையெழுத்துப் போதும், நிறுத்துவதற்கு ரெக்கொமாந்தே என்கிற பதிவுத் தபால் வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நாலு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. வழக்கம்போல் பிள்ளையாரிடம் வைத்தேன். இரண்டாவதும் வந்தது. மூன்றாவது உறையில் சிவப்புக் கோடு இருந்தது. சாதாரணமாக நீதான் எனக்குக் கடிதங்கள் வாசித்துச் சொல்வாய். ஆனால் உனக்கு அந்த வருடம் பள்ளியில் பிரெவே சோதனை. பிள்ளைக்கு இதெல்லாம் தெரியக் கூடாது என்று எடுத்துக்கொண்டு ரூ பெர்தொனேயில் தொலைபேசிக் கடைக்குப் பின்னால் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அண்ணரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு வாசித்தார். பாட்ஜ் திரும்பி வரவில்லை, சந்தா நிற்கவில்லை, இவ்வளவு மாதக் காசும் தண்டமும் கட்ட வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஊய்சியே என்கிற அதிகாரி வந்து வீட்டுச் சாமான்களை ஏற்றுவான், இதோடு உங்கள் குடியுரிமை விண்ணப்பமும் போச்சு என்றார். படிவம் நிரப்புகிறவர்களுக்குச் சனத்தின் பயம்தான் சோறு போடுகிறது என்று எனக்கு அன்று தெரியவில்லை. அவரிலும் முழுப் பிழை இல்லை, அவரும் பயந்த மனிதர்தான்.

என் குடியுரிமை நேர்முகத்துக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது. பதினாறு வருடம் நான் இந்த நாட்டில் ஒரு சிவப்பு விளக்கைக் கூடக் கடக்காமல் நடந்தவள். வெறும் தெருவிலும் பச்சை மனிதன் வரும்வரை நிற்பதைப் பார்த்து நீயே என்னைப் பழிப்பாய். அதற்கு நிரப்பிய பத்தொன்பது படிவமும், மொழிபெயர்த்த பிறப்புப் பத்திரமும், எல்லாம் ஒரு வானுக்காகப் போகப் போகிறது என்று நினைத்தபோது எனக்குக் கண் மண் தெரியவில்லை. குணத்தை வரச் சொன்னேன். வந்தான். வேலை உடுப்போடு கூடத்தின் நடுவில் நின்றான், நான் அவனைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. அப்பா சுவரோரமாக நின்றார். பாட்ஜைக் கொடுத்தாயா இல்லையா என்று கேட்டேன்.

“குடுத்திட்டன் அக்கா,” என்றான்.

“பொய் சொல்லாதை. குடுத்ததெண்டால் துண்டு எங்கை?” என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் சாமி அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சத்தியம் பண்ணப் போகிறான் என்று நினைத்து, சத்தியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அதற்கும் ஏசினேன். பாட்ஜை யாருக்கோ விற்றிருப்பாய் என்றும் சொன்னேன். அதைச் சொன்ன வாயை இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை. அவன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்து, “பயப்பிடாதேங்கோ அக்கா, நான் கட்டுறன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். கட்டினான். முதல் கடிதத்தையும் கட்டினான், அதற்குப் பிறகு செலவு என்று வந்த இரண்டு கடிதங்களையும் கட்டினான். ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிடச் சேர்த்து வைத்ததில் எடுத்துத்தான் கட்டினான் என்றும், அவள் வருவது ஒரு குளிர்காலம் முழுவதும் பிந்தியது என்றும் பிறகு கடைத்தெருவில் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டும் நான் போகவில்லை. வானைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு இந்தப் படி ஏறவில்லை.

என் நேர்முகத்தில் பிரெபெக்சர் அலுவலகத்து அம்மா ஆறுகளின் பெயர் கேட்டார், பிள்ளைக்கு எந்த மொழியில் கதை சொல்வீர்கள் என்று கேட்டார். வான் எங்கே நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பிரெஞ்சுக்காரியாகி வெளியே வந்து, வீதியைப் பச்சை மனிதனோடு கடந்தேன்.

நீ மாமா எங்கே, ஏன் வருவதில்லை என்று பல தரம் கேட்டாய். அவனுக்கு வேலை கூட என்றேன். உன் கல்யாணத்துக்கு முதல் வாரமும் கேட்டாய். கார்டு அனுப்பினோம், அவனுக்கு வர வசதியில்லையாம் என்றேன். தம்பி, நாங்கள் கார்டு அனுப்பவில்லை. கார்டில் அவன் பெயரை எழுதினேன், பிறகு உறையோடு கிழித்துப் போட்டேன். அந்த நேரம் அவன்மேல் எனக்குக் கோபம் இருக்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஒருவரை ஏசிவிட்டு வருகிற வெட்கம் நாள்பட்டால் கோபம் மாதிரியே நடந்துகொள்ளும். உன் மணவறையில் நீ வாசலைப் பார்த்துப் பார்த்து இருந்தாயே, அது யாருக்காக என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

இப்போது இந்த மாதத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். சாமி அலுமாரியை நகர்த்த, பிள்ளையாரின் சட்டகத்துக்குப் பின்னாலிருந்து கடதாசிகள் கொட்டின. உன் பிரெவே முடிவு, பழைய மெத்ரோ டிக்கட்டுகள், ஒரு நாட்காட்டித் தாள். அவற்றுக்குள் நாலாக மடித்த சின்னத் துண்டு ஒன்று. பார்க்கிங் கம்பெனியின் முத்திரை. பாட்ஜ் இலக்கம். திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று காவலாளியின் கையெழுத்து. முதல் கடிதம் வருவதற்கு நாலு மாதம் முந்திய தேதி. இந்த முறை எனக்கு வாசிக்க ஆள் தேவைப்படவில்லை. ஏணியில் நின்ற அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, குணத்திடம் போய்ச் சொல்லு என்றார்.

நான் உடனே போகவில்லை. முதலில் மெரி எனப்படும் நகரசபையில் இலவசமாக ஆலோசனை சொல்லும் வழக்கறிஞரிடம் அந்தத் துண்டையும் பழைய கடிதங்களையும் கொண்டு போனேன். உன் வயதுப் பெண். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, இதில் நீதிமன்றம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் அம்மா என்றாள். எனக்குக் காட்டத் தெரியவில்லை. ஏனென்றால் அது எங்கும் இல்லை. தனியார் கம்பெனி காசு கேட்கலாம், போலீஸ் மாதிரித் தண்டம் விதிக்க அதனால் முடியாது என்றாள். வசூல் கம்பெனி எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினாலும் அதுவும் காசு கேட்கிற ஒருவன்தான், ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்லாமல் உங்கள் கதிரை ஒன்றைக்கூட ஒருவரும் தூக்க முடியாது என்றாள். இந்தத் துண்டின் பிரதியோடு ஒரே ஒரு பதிவுத் தபால் போட்டிருந்தால் முடிந்திருக்கும் என்றும், இவ்வளவு காலத்துக்குப் பிறகு காசைத் திருப்பிக் கேட்பது கஷ்டம் என்றும் சொன்னாள். காசைப் பற்றி நான் கேட்கவேயில்லை.

ஆகவே உன் கடிதத்துக்கு நான் சொல்வது இதுதான். பயந்து குப்பையில் போடாதே, பயந்து தொலைபேசியில் அட்டை இலக்கத்தையும் சொல்லாதே. அனுப்பியவன் யார் என்று முதலில் பார். நகரசபையின் தண்டத் துண்டு என்றால் அது வேறு, அதற்குக் கெடு உண்டு, விளையாடாதே. உண்மையில் நீதிமன்றத்திலிருந்து ஒன்று வந்தால் அன்றே ஒரு வழக்கறிஞரிடம் ஓடு. கம்பெனிக்காரன் என்றால் அமைதியாக இருந்து, காசு இன்ன நாள் கட்டியாயிற்று, இல்லையென்று சொன்னால் உன் ஆதாரத்தைக் காட்டு என்று எழுதி, பதிவுத் தபாலில் போட்டுப் பிரதியை வைத்திரு. கட்டாமல் விட்டது உண்மையென்று தெரிந்தால் கட்ட வேண்டியதைக் கட்டு, அதில் ஒரு வெட்கமும் இல்லை. கடதாசியை எங்கே வைத்தாய் என்பதை மட்டும் ஞாபகம் வை. சாமி மட்டும் காவலுக்குப் போதாது.

ஆனால் இதையெல்லாம் சொல்லவா இவ்வளவு தாள் எழுதினேன்? இதை நீ கணினியில் இரண்டு நிமிடத்தில் தேடி எடுத்துவிடுவாய். துண்டு கிடைத்து மூன்று வாரம், இன்றைக்குப் போவோம் நாளைக்குப் போவோம் என்று நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை நீ அந்த வசனத்தைச் சொன்னாய். அதற்குப் பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, துண்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு லெ பிளாங்-மெனிலுக்கு ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்தது குணம்தான். தலை பாதி நரைத்துவிட்டது. ஆறு வயதில் ஒரு மகள், பல் விழுந்த வாயால் பொன்ஜூர் என்றாள். அவன் மனைவி தேத்தண்ணீர் வைத்தாள், நான் இருமுறை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் முறை வாங்கினேன். பிறகு துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். சொல்ல நினைத்து வந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. பிள்ளையாருக்குப் பின்னால் இருந்தது என்றேன், எப்படி அங்கே போனதென்று தெரியவில்லை என்றேன், அவ்வளவுதான் முடிந்தது. அழுதுவிட்டேன்.

குணம் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்துச் சிரித்தான்.

“அது நான் வைச்சது அக்கா. நீங்கள்தான் வைக்கச் சொன்னியள். உழுந்து அரைச்ச கையோடை நிண்டியள், துண்டைத் தந்தன், சாமிக்குப் பின்னாலை வையெண்டு சொன்னியள்.”

அப்போதுதான் அந்தக் கூடம் எனக்குத் திரும்பி வந்தது, தம்பி. அவன் சாமி அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம். எட்டி எடுத்தால் கைக்கு எட்டும் தூரம்.

“அப்ப ஏன் அண்டைக்கு எடுத்துக் காட்டேல்லை?” என்று கேட்டேன்.

அவன் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான், குரலில் ஒரு குறையும் இல்லை.

“எடுத்துக் காட்டியிருந்தால் நீங்கள் துண்டைத்தான் நம்பியிருப்பியள் அக்கா. என்னை இல்லை.”

திரும்பி வரும் ரயிலில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை, இது மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் என்னை மன்னித்துவிட்டான், வாசல்வரை வந்து உன் தொலைபேசி இலக்கத்தை எழுதி வாங்கினான், உன்னோடு பந்து விளையாட முழங்கால் இன்னும் தாங்கும் என்றான். அடுத்த மாதம் நீங்கள் வரும்போது குடும்பத்தோடு சாப்பிட வருகிறான். ஆனால் பன்னிரண்டு வருடத்தை நான் எங்கே போய் எடுப்பேன்? அந்தக் கடிதம் எழுதியவன் யாரென்றே எனக்குத் தெரியாது. முகமில்லாத ஒருவன் பெரிய எழுத்தில் எழுதியதை நம்பினேன். இரண்டு வருடம் என் கையால் சாப்பிட்டவன் என் முன்னால் நின்று சொன்னதை நம்பவில்லை.

தேன்மொழியின் துண்டு மெஷினுக்குப் பக்கத்துக் குப்பையில் போயிருக்கும். அவள் அட்டையில் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கில் அது கிடக்கும், தேடினால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். தயவுசெய்து அதை முதலில் தேடாதே, மகனே. கிடைத்த பிறகு நீ சொல்கிற எந்தச் சொல்லும் வங்கிக்குச் சொல்கிற சொல். அவளுக்குச் சொல்ல வேண்டியதை அதற்கு முன்னால் சொல்லிவிடு. கணக்கை நாளைக்குப் பார்க்கலாம், பதிவுத் தபாலை நாளை மறுநாள் போடலாம்.

பிள்ளை தேன்மொழி, உன் குரலில் இதைக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் நீ இந்த வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கடிதத்தை மடித்து வை. மிச்சத்தை அவன் சொல்லட்டும்.

அம்மா